வர்த்தக விதிகளின் முன் நுகர்வோர் சட்டங்களைக் காப்பது எப்படி: வேலூர் வட்டார நுகர்வோர் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

உலக வர்த்தக அமைப்பு எந்த நாட்டின் நுகர்வோர் சட்டத்தையும் நேரடியாக ரத்து செய்ய இயலாது. அந்த அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் ஒரு நாடு வழக்கில் தோற்றால், தன் விதியைத் திருத்திக்கொள்ளும்படி அதற்குச் சொல்லப்படும். திருத்தாவிட்டால், வழக்குத் தொடுத்த நாடு அதன் ஏற்றுமதிகள் மீது கூடுதல் வரி விதித்துப் பதிலடி கொடுக்க அனுமதி பெறலாம். நம் நீதிமன்றங்களிலும் வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு சட்டத்தை வீழ்த்துவது எளிதன்று. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்திற்கு முரணானது என்று நோவார்டிஸ் நிறுவனம் வாதிட்டபோது, அந்த முரண்பாட்டை ஆராய்வது தன் அதிகார வரம்பில் இல்லை என்று 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆகவே நுகர்வோர் சட்டங்கள் பெரும்பாலும் தீர்ப்பினால் சாவதில்லை. தீர்ப்புக்குப் பிறகோ, தீர்ப்பு வருமுன்னரே பேச்சுவார்த்தை மேசையிலோ, சொந்த அரசின் கையாலேயே விலக்கப்படுகின்றன. இறைச்சி எந்த நாட்டில் வளர்ந்த விலங்கினுடையது என்பதை உறையில் எழுத வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்திற்கு நேர்ந்தது இதுதான். கனடாவும் மெக்சிகோவும் அதை எதிர்த்து வென்றன. 2015 டிசம்பரில் பதிலடி வரிக்கான தொகை அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அந்த விதியை அமெரிக்க நாடாளுமன்றமே நீக்கியது. நம் வேலை எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது: சட்டம் எழுதப்படும் நாளிலும், அது அமலாகும் கடைத்தெருவிலும், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலும்தான். இந்த மூன்றும் ஜெனீவாவைவிட நம் வேலூர்ச் சத்துவாச்சாரிக்கு அருகில் உள்ளவை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நுகர்வோர் காலாண்டுக் கூட்டங்களுக்குச் செல்லும் தன்னார்வ அமைப்புகளையும், பள்ளி, கல்லூரிகளின் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. எரிவாயு உருளையும் நியாயவிலைக் கடையும் அக்கூட்டங்களின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்பதும், வர்த்தக ஒப்பந்தம் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அங்கு வருபவர்களிடம் இருக்கும் அனுபவம்தான் இந்தப் பணிக்குத் தேவைப்படுகிறது.

சட்டத்தின் பலவீனத்தை முதலில் நாமே கண்டுபிடித்தல்

எதிர்த்தரப்பு எதைத் தேடும் என்று தெரிந்தால், அதை அடைக்கச் சொல்லி முன்னதாகவே எழுதலாம். வர்த்தகத்திற்கான தொழில்நுட்பத் தடைகள் பற்றிய ஒப்பந்தம், சுருக்கமாக டிபிடி ஒப்பந்தம், மக்கள் நலம், பாதுகாப்பு, ஏமாற்று வணிகத்தைத் தடுத்தல் ஆகியவற்றைச் சட்டபூர்வமான நோக்கங்களாக வெளிப்படையாக ஏற்கிறது. அது கேட்பது இரண்டு: உள்நாட்டுப் பொருளையும் இறக்குமதிப் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்கிறதா, நோக்கத்தை அடையத் தேவையான அளவுக்கு மேல் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்பவை. தோற்ற சட்டங்களில் பல முதல் கேள்வியில்தான் தோற்றன.

இளைஞரைக் கவரும் மணமூட்டிய சிகரெட்டுகளை அமெரிக்கா 2009இல் தடை செய்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இந்தோனேசியாவிலிருந்து வந்த கிராம்பு சிகரெட் தடைப்பட, பெரும்பாலும் உள்நாட்டிலேயே தயாரான மெந்தால் சிகரெட் விலக்குப் பெற்றது. 2012இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டி அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இதற்கு நேர்மாறாக, எல்லாச் சிகரெட் உறைகளும் ஒரே மந்தமான நிறத்தில், நிறுவன முத்திரை இன்றி இருக்க வேண்டும் என்ற ஆஸ்திரேலியச் சட்டம் எவருக்கும் விலக்குத் தரவில்லை. ஆய்வுச் சான்றுகளையும் குவித்து வைத்திருந்தது. அதை எதிர்த்த நாடுகள் 2020 ஜூன் மாதத்தில் முற்றாகத் தோற்றன.

இந்தியாவின் தோல்வியும் பாடமாகவே உள்ளது. பறவைக் காய்ச்சல் கண்ட நாடுகளிலிருந்து கோழி, முட்டை முதலியவற்றை இறக்குமதி செய்வதை இந்தியா தடுத்திருந்தது. அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2015 ஜூனில் இறுதித் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. முறையான இடர் மதிப்பீடு செய்யப்படவில்லை என்பது ஒரு காரணம். உள்நாட்டில் நோய் கண்டால் அந்த வட்டாரத்தை மட்டும் அடைக்கும் அரசு, அயல்நாட்டில் எங்கோ ஒரு மூலையில் நோய் கண்டாலும் அந்த நாடு முழுவதையும் அடைக்கிறது என்பது இன்னொன்று.

நம் வட்டாரத்தில் இதை உரசிப் பார்க்க ஒரு நல்ல கல் குடியாத்தத்தில் இருக்கிறது. மலிவான நெகிழி லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் நசிகிறது என்ற முறையீட்டின் பின்னணியில், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை 2023 ஜூன் இறுதியில் நடுவண் அரசு தடை செய்தது. அதையடுத்து ஜூலையில் தீச்சுடர் லைட்டர்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை தனியே வந்தது. முன்னது தொழிலைக் காக்கும் நடவடிக்கை. 20 ரூபாய் என்ற எல்லைக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. பின்னது சுடரின் உயரம், கீழே விழுந்தால் தாங்கும் திறன் போன்றவற்றைச் சோதித்த பொருளை மட்டுமே விற்க வேண்டும் என்பது; இது உள்நாட்டு லைட்டருக்கும் பொருந்தும். தீப்பெட்டித் தொழிலாளியின் கூலியைக் காக்க வேண்டியது நியாயமே, ஆனால் அதை நுகர்வோர் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஆதரித்து எழுதினால், இரண்டாவது ஆணையும் அதே வேடம்தான் என்று வாதிட எதிர்த்தரப்புக்கு நாமே ஆவணம் தந்தவர்களாவோம். இரண்டையும் ஒரே மனுவில் சேர்க்கக் கூடாது.

இதே காரணத்தால் எல்லாத் தரக் கட்டுப்பாட்டு ஆணைகளையும் நாம் சுமக்க வேண்டியதில்லை. 2025 நவம்பரில் பாலிமர், செயற்கை இழை போன்ற மூலப்பொருள்கள் சிலவற்றின் மீதான ஆணைகளை அரசு விலக்கிக்கொண்டது. கடையில் நாம் வாங்கும் பொருளல்லாத அவற்றுக்காகக் குரல் கொடுப்பதைவிட, பொம்மை, மின்சாதனம், காலணி, குடிநீர்ப் புட்டி ஆகியவற்றின் ஆணைகள் அதே அலையில் அடித்துச் செல்லப்படாமல் பார்ப்பது மேல்.

வரைவு வரும் நாளை அறிதல்

டிபிடி ஒப்பந்தப்படி, பன்னாட்டுத் தரத்திலிருந்து வேறுபட்டு வர்த்தகத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு விதியைக் கொண்டுவரும் நாடு, அதன் வரைவை உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்து மற்ற நாடுகளின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்கு 60 நாள் அவகாசம் பரிந்துரைக்கப்படுகிறது. இறுதி விதி வெளியானதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே பொதுவாக 6 மாதமாவது விட வேண்டும். உணவைப் பொறுத்தவரை எஸ்பிஎஸ் எனப்படும் சுகாதார, தாவரச் சுகாதார நடவடிக்கைகள் ஒப்பந்தத்திலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. இந்த 60 நாளில் அமெரிக்க அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் பத்திகள் சுட்டி எழுதுகின்றன. பேரணாம்பட்டுப் பெற்றோர் ஒருவர்கூட எழுதுவதில்லை. அதனால் கோப்பில் இருப்பது ஏற்றுமதியாளரின் குரல் மட்டுமே.

உலக வர்த்தக அமைப்பும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஈபிங் என்ற இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அறிவிக்கும் நாடு இந்தியா என்றும், பொருள் வகை உணவு, பொம்மை, மின்சாதனம் என்றும் தேர்ந்தால், புதிய அறிவிப்பு வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். இதோடு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தளத்தில் வரைவு விதிகளுக்கான பகுதியையும், இந்திய அரசிதழின் மின்பதிப்பையும் வாரம் ஒரு முறை பார்க்க ஒருவரை அமர்த்துங்கள். கல்லூரி நுகர்வோர் மன்ற மாணவர் ஒருவருக்கு இது அரை மணி நேர வேலை.

டிபிடி குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடும்போது, ஒரு நாட்டின் விதி பற்றி மற்ற நாடுகள் எழுப்பும் ஆட்சேபங்கள் நடவடிக்கைக் குறிப்புகளில் பதிவாகி இணையத்தில் கிடைக்கின்றன. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கிய நம் ஆணையும், இறக்குமதியாகும் 24 உணவுப் பயிர்களுக்கு மரபணு மாற்றப்படாதவை என்ற சான்று கேட்டு 2020 ஆகஸ்டில் வெளியாகி 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஆணையும் அங்கே கேள்விக்குள்ளாயின. வழக்கு வருவதற்கு முந்தைய எச்சரிக்கை மணி இது என்பதால், நீங்கள் காக்க நினைக்கும் விதியின் மீது அங்கே என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

கடைத்தெருவிலிருந்து சான்று திரட்டுதல்

அமைச்சகத்துக்கு அறிவியலாளர் கிடைப்பார். லாங்கு பஜாரில் என்ன விற்கிறது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அதுவே நமது பங்கு.

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மை என்று வைப்போம். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என நாலைந்து ஊர்களின் கடைகளிலும், இணைய விற்பனைத் தளத்திலும், பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுத்தால், மறுத்த செய்தியையும் தேதியோடு எழுதி வையுங்கள். உறையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, தயாரித்த நாடு, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம், அதிகபட்சச் சில்லறை விலை, ஐஎஸ்ஐ முத்திரையின் கீழுள்ள உரிம எண் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். உரிம எண் உண்மையானதா என்பதை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். உணவுப் பொருளாயின், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி எந்த நுகர்வோரும் உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதித்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவைப் பயன்படுத்துவோர் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். சீனப் பொம்மையை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதிக்கும் ஆசை எவருக்கும் வரும். அதை அடக்குங்கள். உள்நாட்டுப் பொருளையும் இறக்குமதிப் பொருளையும் சம எண்ணிக்கையில் வாங்கி, இரண்டின் குறையையும் ஒரே பட்டியலில் காட்டும் ஆய்வுதான் வர்த்தக வழக்கின் வெளிச்சத்தில் நிற்கும். துறைமுகத்தில் இறக்குமதியை நிறுத்திவிட்டு, உள்ளூர்த் தயாரிப்பைக் கண்டுகொள்ளாமல் விடும் அமலாக்கம், எழுத்தில் சமமாக இருக்கும் சட்டத்தையும் நடைமுறையில் பாகுபாடானதாக ஆக்கிவிடும். எனவே உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், எடையளவுச் சட்டங்களை அமலாக்கும் தொழிலாளர் துறையிடமும், எடுத்த மாதிரிகளிலும் தொடுத்த வழக்குகளிலும் உள்நாட்டுப் பொருள் எத்தனை, இறக்குமதிப் பொருள் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் கேளுங்கள். உள்ளூர்க் கடைக்காரர் முகம் சுளிப்பார். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் புகார்களும் சான்றே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணைச் சேமியுங்கள். வழக்காகவே கொண்டுசெல்ல விரும்பினால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுக இடமளிக்கிறது. பொருளுக்குத் தந்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. தயாரிப்பாளர் அயல்நாட்டில் இருந்து, அவருக்கு அறிவிப்புச் சேர்க்க முடியாத நிலையில், விற்றவரையே பொறுப்பாக்க 86ஆவது பிரிவு வழி செய்கிறது. இறக்குமதிப் பொருளால் பாதிப்பு நேர்ந்தால் உள்நாட்டில் தீர்வே இல்லை என்ற எண்ணத்தை உடைக்கும் இந்தப் பிரிவின் கீழ் வரும் தீர்ப்பு ஒவ்வொன்றும், விதி ஏன் தேவை என்பதற்கான ஆவணமாகிறது.

கருத்துக் கடிதம் எழுதுதல்

உணவு ஆணையம் கருத்துகளுக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறது: விதியின் எண், நாம் கோரும் மாற்றம், அதற்கான காரணம். மற்ற அமைச்சகங்களுக்கும் இதே வடிவில் எழுதுவது நல்லது. தமிழில் எழுதலாம், ஆனால் படிப்பவர் டெல்லியில் இருப்பதால் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கத்தை முன்னால் வையுங்கள். "அந்நியச் சதி" போன்ற சொற்களை அறவே தவிருங்கள். பாதுகாப்புக்கு மாறாக வர்த்தக நோக்கம் இருந்தது என்று காட்ட அந்த ஒரு வரி போதும்.

காரணம் என்ற கட்டத்தில் எந்தக் கேடு, யாருக்கு, எப்படி நேர்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அடுத்து, இதைவிட மென்மையான வழி ஏன் போதாது என்பதை விளக்குங்கள். எச்சரிக்கை வாசகம் போதாதா என்பார்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட வாசகத்தை நம் ஊர்த் தாய்மார்கள் படிக்க இயலாத நிலையைப் படத்தோடு காட்டுவது இந்தக் கேள்விக்கு நேரான விடை. பன்னாட்டுத் தரம், அதாவது உணவுக்குக் கோடெக்ஸ் தரம், நம் விதியைவிடத் தளர்வாக இருந்தால், இங்கே உட்கொள்ளும் அளவும் தட்பவெப்பமும் எப்படி வேறுபடுகின்றன என்று எழுதுங்கள்.

வரைவில் உள்நாட்டார்க்கு விலக்கு இருந்தால் அதைத் தனிப் பத்தியில் எதிர்கொள்ள வேண்டும். பொம்மை ஆணையில் பதிவு பெற்ற கைவினைஞருக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. கைவினைஞர் மீது எனக்கும் பரிவு உண்டு என்றாலும், கேட்பாரற்ற விலக்காக விடாமல், அந்தப் பொம்மைகளில் பூசும் சாயத்துக்காவது எளிய, மலிவான சோதனை முறையை அரசு தர வேண்டும் என்று கோருவதே சட்டத்துக்குப் பாதுகாப்பு.

அறிவியல் முடிவு இன்னும் தெளியவில்லை என்றால் என்ன செய்வது? இதில் வேலூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, கேடு ஐயமற நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. உலக வர்த்தக அமைப்பு இந்தக் கோட்பாட்டை அத்தனை எளிதில் ஏற்பதில்லை. ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியைத் தடுத்தது பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றியம் அதை முன்வைத்தபோது பலிக்கவில்லை. ஆனால் எஸ்பிஎஸ் ஒப்பந்தத்தின் 5.7 விதி, சான்று போதாத நிலையில் தற்காலிக நடவடிக்கையை அனுமதிக்கிறது. மேலும் சான்று தேட வேண்டும், நியாயமான காலத்திற்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆகவே உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதோடு நிற்காமல், "5.7இன் கீழ் தற்காலிகமாக விதித்து, இந்தத் தேதிக்குள் மறு ஆய்வு செய்க" என்று கடிதத்தில் கேளுங்கள்.

தோல் தொழிலைச் சேர்ந்தவர்களிடமும் பேசுங்கள். 1989இல் தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி தடை செய்தபோதும், 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் தோல் பொருள்களில் குரோமியம் 6 அளவை கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தியபோதும், ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் ஆம்பூரும் அயல்நாட்டு நுகர்வோர் சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றன. முணுமுணுத்தாலும் வேதிப்பொருளை மாற்றின. எந்த விதி நிறைவேற்றக்கூடியது, எவ்வளவு அவகாசம் தேவை, எந்தச் சோதனை வீண் செலவு என்பதை அவர்களைப்போல் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்

உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர் முதல் செயலிழந்து கிடப்பதால், அழுத்தம் இப்போது இருதரப்பு ஒப்பந்தங்களின் வழியே வருகிறது. ஐரோப்பாவின் இஎஃப்டிஏ நாடுகளுடனான (சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன்) ஒப்பந்தம் 2024 மார்ச்சிலும், பிரிட்டனுடனானது 2025 ஜூலையிலும் கையெழுத்தாயின. நம் நாட்டில் ஒப்பந்தம் செய்வது நடுவண் அரசின் நிர்வாக அதிகாரம்; நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. முதலீட்டாளர் அரசின் மீதே வழக்குத் தொடுக்கும் பிரிவு பற்றி மட்டும் ஓரளவு நிம்மதி கொள்ளலாம்: 2016ஆம் ஆண்டின் இந்திய மாதிரி முதலீட்டு ஒப்பந்தம், முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களில் 5 ஆண்டு தீர்வு தேட வேண்டும் என்கிறது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்துடனான 2024 ஒப்பந்தத்தில் அது 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

வர்த்தகத் துறையிடம் தகவல் அறியும் மனு போடும்போது பேச்சுவார்த்தை வரைவைக் கேட்டால், நாட்டின் பொருளாதார நலனும் அயலுறவும் பாதிக்கும் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மாறாக, கலந்தாலோசிக்கப்பட்ட நுகர்வோர் அமைப்புகளின் பட்டியல், கூட்டங்களின் தேதி, நுகர்வோர் விவகாரத் துறையின் கருத்து கேட்கப்பட்டதா என்பவற்றைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், விடைக்கு 30 நாள். ஒரு பகுதியை மறைத்தாலும் மீதியைத் தர வேண்டும் என்று 10ஆவது பிரிவையும், பொதுநலன் மேலோங்கினால் வெளியிடலாம் என்று 8(2) பிரிவையும் மனுவிலேயே சுட்டிவிடுங்கள்.

அந்த விடையோடு நாடாளுமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு வேலூர் தொகுதி. காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு மக்களுக்கு அரக்கோணம் தொகுதி. திருப்பத்தூர், ஜோலார்பேட்டை மக்களுக்குத் திருவண்ணாமலை தொகுதி. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் உறுப்பினர் மாறிவிடுகிறார் என்பதை மறந்து, காட்பாடிக்காரர் வேலூர் அலுவலகத்தில் காத்திருப்பதால் பயனில்லை. கோரிக்கையை உணர்ச்சி மிக்க மனுவாகத் தராமல், அப்படியே எழுப்பக்கூடிய கேள்வியாகத் தட்டச்சு செய்து கொடுங்கள்: இன்ன ஒப்பந்தத்தின் எந்த விதி இன்ன தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பாதிக்கும், அது பற்றி டிபிடி குழுவில் எழுந்த ஆட்சேபத்துக்கு அரசு தந்த விடை என்ன, விதியைத் தளர்த்தும் எண்ணம் உண்டா என்று. மக்களவைக் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவைப்படுவதால், கூட்டத்தொடரின் தேதி அறிவிக்கப்பட்ட உடனேயே அது அவர் கையில் இருக்க வேண்டும். அதன் படியொன்றை வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் செயலகத்துக்கும், சந்தை ஆய்வின் பட்டியலை இணைத்து, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.